சத்தம் போடாத பெட்டி

பெட்டி வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். என் தம்பியின் கைக்கு ஒன்று என்றால் அவரா வந்து சோறு ஊட்டப் போகிறார்?

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். நான் ஒரு சீட்டாட்ட கிளப்பில் சாமான் அறைப் பொறுப்பில் இருக்கிறேன். சீட்டுக்கட்டுகள், மேசை விரிப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சில்லுகள். போக்கர் ஆடுகிறவர்கள் பணத்துக்குப் பதிலாக முன்னால் அடுக்கி வைத்துக்கொள்வார்களே, அந்த வட்டச் சில்லுகள்தான். கறுப்புச் சில்லு ஒன்றைக் கவுன்டரில் நீட்டினால் என் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்டதை நான் பெட்டி பெட்டியாக அடுக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

கிளப்புக்கு ஊரின் இரண்டு கோடியிலும் கூடங்கள் உண்டு. சனிக்கிழமை காலை சில்லுப் பெட்டிகள் இங்கிருந்து வேனில் அங்கே போகும். திங்கட்கிழமை திரும்பி வரும். வரும்போது என் அறை வாசலில் ஒருவர் நிற்பார். அவருக்குக் கிளப்பில் என்ன பதவி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நாங்கள் அவரைக் காதுக்காரர் என்போம், அவர் காதில் விழாத தூரத்தில்.

காதுக்காரருக்குச் சில்லுகளை எண்ணப் பொறுமை கிடையாது. வரிசை நிறைந்திருந்தால் சில்லுக்கு அசைய இடமில்லை, பெட்டி பேசாமல் இருக்கும். ஒன்று குறைந்தால் மற்றவை நகரும், கலகலக்கும். ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி, கண்ணை மூடி, காதோரம் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டுவார். சத்தம் வராவிட்டால் உள்ளே போகலாம். வந்தால், ஓட்டி வந்தவன் பின்பக்க அறைக்குப் போக வேண்டும்.

பழைய டிரைவர் போனார். அந்த மனிதருக்குத் தூக்கத்தில்கூடத் திருடத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை ஒரு மரப்பெட்டி லேசாகக் கலகலத்தது. பின்பக்க அறைக் கதவு சாத்தியது. திறந்தபோது அவர் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அதற்குப் பிறகுதான் சில்லுகளை எண்ணினார்கள். எல்லாம் சரியாக இருந்தன. பெட்டியின் உள்துணி தேய்ந்து இளகிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

"பெட்டி மேலதான் தப்பு" என்றார் காதுக்காரர், ஏதோ காபியில் சர்க்கரை குறைந்துவிட்டது போல. பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல பெட்டியா நீங்களே பாத்து வாங்கிடுங்கம்மா" என்றார். அவர் யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். அதுதான் இன்னும் பயம்.

காலியான வேன் சீட்டில் யார் போய் உட்கார்ந்தான்? என் அருமைத் தம்பி. படித்துப் படித்துச் சொன்னேன். "சும்மா பயமுறுத்தாதக்கா, வேன் ஓட்டுறதுல என்ன இருக்கு" என்றான். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியதும் நான்தான். இப்போது அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது.

அதனால்தான் காது வைத்து வாங்கினேன்.

சோதித்துப் பார்ப்பதற்காகக் காதுக்காரரின் அனுமதியோடு ஒரு பழைய பெட்டி நிறைய வெள்ளைச் சில்லுகள் எடுத்து வந்திருந்தேன். வெள்ளை என்றால் மலிவு. தம்பிதான் சுமந்து வந்து மேசைமேல் இறக்கினான். கடைக்காரர் முதலில் அலுமினியப் பெட்டியைக் காட்டினார். கல்யாண மாப்பிள்ளை போலப் பளபளப்பு, மூலைக்கு மூலை எஃகுக் காப்பு. தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்தது. சில்லுகளை நிறைத்துத் தூக்கினால் பிடி ஆணியோடு ஆடியது. ஆட்டினேன். மூடிக்கும் சில்லுகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் அத்தனையும் குதித்தன.

"என்னம்மா, குழந்தைக்குக் கிலுகிலுப்பை பாக்குறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"கிலுகிலுப்பைன்னா சத்தம் வரணும். எனக்கு வரக் கூடாது. வேற காட்டுங்க."

மரப்பெட்டி காட்டினார். அழகுதான். ஆனால் உள்ளே ஒட்டியிருந்த துணியைத் தடவியதுமே துண்டு சுற்றிய கை ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம் என்று தள்ளி வைத்தேன். அடுத்தது கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தட்டுகள். அறைக்குள் அடுக்கி வைக்க அதைவிட நல்லது கிடையாது, எது எங்கே என்று வெளியிலிருந்தே தெரியும். வேனில் ஒரு குழியில் இறங்கினால் விரிசல் விட்டுவிடும். அதோடு, தெருவில் போகிறவனுக்கெல்லாம் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொண்டு போக முடியுமா?

கடைசியாக மேல் தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கினார். கெட்டியான பிளாஸ்டிக். மூடியில் தடித்த ஸ்பாஞ்சு. ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு, சில்லுகளைப் பின்னாலிருந்து நெட்டிக்கொண்டே இருக்கும். நிறைத்து ஆட்டினேன். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

எனக்கு அது போதவில்லை. புதுசில் எந்தப் பெட்டிதான் நன்றாக இருக்காது? ஸ்பாஞ்சு நாளாக நாளாக அமுங்கும், சில்லின் ஓரம் தேயும், ஒரு சில்லு அளவுக்கு இடம் விழுந்தாலும் அது வாயைத் திறக்கக் கூடாது. ஆகவே ஒரு சில்லை உருவித் தம்பியிடம் கொடுத்தேன். "பிடிடா." மூடி, ஆட்டினேன். சத்தமில்லை. இன்னொன்றை உருவினேன். சத்தமில்லை. ஐந்து சில்லுகள் அவன் உள்ளங்கையில் சேர்ந்த பிறகும் பெட்டி ஊமையாகவே இருந்தது. திறந்து பார்த்தேன். ஸ்பிரிங் எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளி, வரிசைகள் நிறைந்த மாதிரியே இருந்தன.

"இதுதான்" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பி கையிலிருந்த சில்லுகளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். நமக்காக அக்கா இவ்வளவு பாடுபடுகிறாளே என்று நெகிழ்ந்துவிட்டான் என நினைத்துக்கொண்டேன். ஐந்தையும் திருப்பி வாங்கி அதனதன் இடத்தில் வைத்தேன்.

புதுப் பெட்டிகள் வந்த முதல் திங்கட்கிழமை நான் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதுக்காரர் கண்ணை மூடினார், ஆட்டினார், இறக்கினார். அடுத்தது. அடுத்தது. "நல்லாத் தேடிப் புடிச்சிருக்கீங்க" என்றார் என்னிடம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே போயிற்று. எதிர்வீட்டு அம்மாள்கூட, என்ன, முகத்தில் களை வந்திருக்கிறது என்று கேட்டார்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். தம்பி எனக்கு முன்னாலேயே வந்து, டீ போட்டு வைத்திருந்தான். அடுப்படிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"உக்காருக்கா" என்றான். சட்டைப் பையில் கைவிட்டு, சாப்பாட்டு மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தான். கறுப்புச் சில்லுகள். ஐந்து.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். "எங்கேர்ந்துடா?"

"என்னக்கா தெரியாத மாதிரி கேக்குற? நீ காட்டிக் குடுத்த வழிதானே." அவன் குரலில் திருட்டுத்தனமே இல்லை. பரீட்சையில் பாஸான பையன் போலத்தான் சொன்னான். "கடையில என் கையிலயே வச்சுக் காட்டினியே. அஞ்சு எடுத்தாலும் சத்தம் வராதுன்னு. வாயைத் திறந்து சொல்ல முடியாம இப்படிச் சொல்றேன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுது."

"பெட்டிச் சாவி?"

"நீ குளிக்கப் போனப்ப உன் கொத்துலேர்ந்து அச்செடுத்தேன். கவுன்டர்ல இருக்கறவன் நம்ம ஆளுதான், மாத்திக் குடுத்துடுவான்."

ஓங்கி ஒரு அறை விட்டேன். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே ஒன்றும் புரியாமல் விழித்தான். "அப்புறம் எதுக்குக்கா அந்தப் பெட்டிய எடுத்த?" என்று கேட்டான். உன் விரல் முறியக் கூடாது என்று எடுத்தேன் என்றால், அதைத்தானே நானும் சொல்கிறேன் என்பான். மடையனை மடையன் என்று திட்டலாம். அவன் கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தவளை என்னவென்று திட்டுவது?

காதுக்காரர் ஆட்டிப் பார்த்துவிட்டார். பெட்டிகள் உள்ளே போய்விட்டன. யாருக்கும் தெரியாது. காலையில் முதல் ஆளாகப் போய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பாயில் புரண்டேன். சில்லுகள் தலையணைக்கு அடியில் இருந்தன. கூரையில் பல்லி சத்தம் போட்டாலும் எழுந்து உட்கார்ந்தேன்.

காலையில் கிளப்பில் பெருக்குகிறவர்கூட வரவில்லை. என் அறையைத் திறந்து, உள்பக்கம் தாழ் போட்டு, தம்பி சொன்ன பெட்டியைத் தரையில் இறக்கினேன். சாவி போட்டு மூடியைத் திறந்தேன். வரிசைகள் நிறைந்த மாதிரியே இருந்தன, ஒன்றுகூடக் குறையாத மாதிரி. ஸ்பிரிங்கை விரலால் பின்னுக்குத் தள்ளி ஐந்தையும் செருகினேன். மூடினேன். பழக்கத்தில் காதோரம் வைத்து ஆட்டினேன். சத்தமில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்க்குள் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதேன். பிழைத்தோம் என்றுதான் அழுதேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது காதுக்காரர் என் அறையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் தம்பி நின்றான்.

"தம்பியயும் வரச் சொன்னேன்" என்றார். "உக்காருங்கம்மா."

அந்தப் பெட்டி அவர் முன்னால் திறந்திருந்தது. அவர் ஆட்டவில்லை. எண்ணினார். காதுக்காரர் எண்ணி நான் பார்த்ததே கிடையாது. ஒவ்வொரு வரிசையாக, விரல் நுனியால், அவசரமே இல்லாமல். எண்ணி முடித்து மூடியைச் சாத்தினார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. "அப்படியா சார்" என்றேன்.

"ஆமாம்மா. எந்தப் பெட்டியா இருந்தாலும் ஏதாவது ஒரு தடவ கொஞ்சமாவது முனகும். இது மூணு வாரமா மூச்சே விடல. எனக்கு அது புடிக்கல. அதான் நேத்து சாயங்காலம் நீங்க போனதும் உக்காந்து எண்ணினேன். அஞ்சு குறைஞ்சுது." பெட்டியை லேசாகத் தட்டினார். "இப்ப சரியா இருக்கு. இந்த ரூம் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. அஞ்சையும் நான் திருப்பி வைக்கல."

நான் தம்பியின் கைகளைப் பார்த்தேன். தொடையோடு ஒட்டிக் கிடந்தன. நகம் கடிக்கிற பழக்கத்தை இன்னும் அவன் விடவில்லை.

"நான்தான் சார் வச்சேன்."

"எடுத்தது?"

"அதுவும் நான்தான்."

காதுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார், பெட்டியைக் கேட்பது போலவே. "அப்படியாப்பா?" என்றார்.

கடவுளே, இவன் வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு உருகி என் வாழ்நாளில் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. அவன் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அப்புறம் ஏன் என் நெஞ்சு அப்படி வலித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காதுக்காரர் எழுந்து போய்ப் பின்பக்க அறைக் கதவைத் திறந்து, நான் இடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காகப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா."

எழுந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினேன். "பிடிடா" என்றேன்.

அவன் உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டான்.