நோராவின் வலது பக்கம்

விவேக் நகரில் எங்கள் வீட்டுக்கும் லாயிட் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதன் வழியாக வருவதைக் கேட்காமல் இருக்க நான் ஒன்றும் புனிதை இல்லை.

லாயிட்டின் குழந்தை நோரா பிறந்ததிலிருந்து இடது பக்கமே பார்த்தாள். கழுத்துத் தசை இறுகியிருக்கிறதாம். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்ததால் வந்தது, குடும்ப வியாதி இல்லை, இப்போதே பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள் பிசியோதெரபிஸ்ட் சுனிதா. தோளைப் பிடித்துக்கொண்டு தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்ப வேண்டும். பொம்மை, பேச்சு எல்லாம் வலப்பக்கத்திலிருந்தே வர வேண்டும். லாயிட்டின் மனைவி சிந்தியா துணி மாற்றும்போதெல்லாம் செய்தாள். குழந்தை கத்தியது, ஆனாலும் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து லாயிட்டின் தங்கை குளோரியாவுக்கு ஜோகுபாளையத்தில் வரன் அமைந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சர்ச்சில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். சாமியார் கேட்கும் தடை வேறு, எங்கள் தெரு கண்டுபிடிக்கும் தடை வேறு.

"ஓலை வாசிச்சு முடியற வரைக்கும் அந்த எக்சர்சைஸ் வேணாம்," என்றான் லாயிட். "பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஏற்கனவே கேட்டாச்சு, பாப்பா ஏன் இப்படி வீறிடுது, எதாவது குறையான்னு."

நான் கேட்டது உண்மைதான். அக்கறையாக ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

"விட்டா மறுபடி இறுகிடும், லாயிட்."

"குடும்பமே கோணக் கழுத்துன்னு பேச்சு கெளம்பினா என் தங்கச்சி வீட்லயே உக்காந்துக்க வேண்டியதுதான்."

சிந்தியா டிவியை அலறவிட்டுத் திருட்டுத்தனமாகச் செய்தாள். குளோரியா அண்ணனிடம் போட்டுக் கொடுத்தாள். அத்தோடு பயிற்சி நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா மௌரீன் வந்த அன்று நாற்காலிகள் எல்லாம் தொட்டிலுக்கு இடப்பக்கம்.

"பாருங்க, என்னையேதான் பாக்கறா!" என்று பூரித்துப்போனாள் மௌரீன். நான் கேக்கைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

ஓலை முடிந்தது. கல்யாணம் முடியட்டும் என்றான் லாயிட். பிறகு விருந்து முடியட்டும் என்றான். பிறகு குளோரியா முழுகாமல் இருக்கிறாள், இப்போது போய் மௌரீனைப் பயமுறுத்த வேண்டாம் என்றான். நோரா உட்காரத் தொடங்கியதும், எந்த நாற்காலியாலும் அவள் கழுத்தின் சாய்வை மறைக்க முடியவில்லை.

கிளினிக்குக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, பை தூக்க ஆள் வேண்டாமா?

சுனிதா குழந்தையை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தலை பாதியில் நின்றது.

"நல்லா வந்துட்டிருந்ததே! ஏன் நிறுத்தினீங்க?"

"பாப்பா ரொம்ப அழுதா, மேடம்," என்றான் லாயிட். "அவ அம்மாவுக்கு மனசு கேக்கல."

சுனிதா சிந்தியாவைத்தான் திட்டினாள். "அழுதா விட்டுடறதாம்மா? இனி பயிற்சி மட்டும் போதுமான்னு தெரியல. சர்ஜனையும் பாத்துடுங்க."

"நான் நிறுத்தல, மேடம்..."

"வெளிய பேசிக்கலாம்," என்றான் லாயிட்.

ஆட்டோவில் அவன் குழந்தைக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான். "நோரா, அப்பாவப் பாரு," என்றான். அவள் திரும்ப முயன்று, முடியாமல் வீறிட்டாள்.

"சமாதானம் பண்ணு. ரோட்ல எல்லாரும் பாக்கறாங்க."

சிந்தியா குழந்தையை அழவிட்டாள்.