தாழ்ப்பாள் கல்

லோரி ஓட்டும் ஐயாவு என்பவனுக்கு வந்திருப்பது என்ன பைத்தியம் என்று ரப்பர்த் தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. சம்சு குடிக்கிறவனை அவர்களுக்கு விளங்கும். நாலு நம்பர் லாட்டரி வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்கிறவனையும் விளங்கும். ஞாயிறு பிறந்தால் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, ஈஜோக்கிலிருந்து செகிஞ்சான் வரைக்கும் மோட்டார்சைக்கிளை விரட்டிக்கொண்டு போய், சீனர் சங்கத்து மாடியில் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் வைத்துவிட்டு வருகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? "ஐயாவு அண்ணன் சீனப் பல்லாங்குழி ஆடப் போறாரு" என்று தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். ஐயாவு திருத்த மாட்டான். முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்துக் களைத்துப்போனவன் அவன்.

அந்த ஆட்டத்துக்குச் சீனர்கள் சொல்லும் பெயர் வெய்ச்சி. மற்ற நாடுகளில் கோ என்பார்கள். பலகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருக்கும். கோடும் கோடும் கூடும் இடத்தில் இருவரும் மாறி மாறி ஒவ்வொரு கல்லாக வைக்க வேண்டும். வைத்த கல் நகராது. கல்லையே வேலியாகக் கட்டி, அதிக இடத்தை வளைத்தவருக்கு வெற்றி. சொல்லிக்கொடுக்க ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். ஆடிக் கரையேற ஆயுசு போதாது.

ஐயாவு இதில் விழுந்ததற்கு லோரியின் கியர்பெட்டிதான் காரணம். அது உடைந்து செகிஞ்சான் பட்டறையில் கிடந்தபோது, அங்கே வெல்டிங் வேலை செய்த ஆ ஹொக் அவனைப் பிடித்துக்கொண்டான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஊரில் சீனச் சதுரங்கம் ஆட ஆள் நிறைய உண்டு. வெய்ச்சிக்கு ஆள் பஞ்சம். கிடைத்தவன் தமிழனாக இருந்தால் என்ன என்று ஹொக் பலகையை எடுத்து எண்ணெய் டின் மேல் வைத்துவிட்டான். கியர்பெட்டி சரியாகிவிட்டது. ஐயாவு சரியாகவில்லை.

சங்கத்துக்கு அவனை அழைத்துப் போனதும் ஹொக்தான். அங்கே பலம் குறைந்தவர் ஆட்டம் தொடங்கும் முன்பே சில கற்களைப் பலகையில் வைத்துக்கொள்ளலாம். அது சலுகை. ஐயாவுக்கு ஒன்பது கல் கொடுத்தார்கள். ஒன்பது கல் வாங்கியும் தோற்றான். பிறகு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ குறைத்துக் குறைத்து, இந்த எண்பத்து நாலாம் வருடம் ஹொக்கோடு சலுகையே இல்லாமல் உட்காரும் நிலைக்கு வந்திருந்தான். அது எப்படி வந்தது என்று அவன் முதுகெலும்பைக் கேட்டால் சொல்லும்.

இந்த நேரத்தில்தான் கோலாலம்பூர்ப் போட்டி வந்தது. ஊருக்கு நான்கு பேர் கொண்ட குழு. செகிஞ்சானில் மூன்று பேர் கேள்விக்கு இடமில்லாமல் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு ஹொக்கா ஐயாவா என்பதை ஒரே ஓர் ஆட்டம் தீர்மானிக்கும் என்றார் குழுத் தலைவர் தியோ. பல் செட்டுக் கட்டுகிறவர், சுத்தமான கைகள், கறாரான வாய்.

ஐயாவுக்கு அந்த இடம் வேண்டும். வேண்டும் என்றால் சும்மா இல்லை, சோறு இறங்காத அளவுக்கு வேண்டும். சங்கத்தில் அவனுக்கு யாரும் ஒரு குறையும் வைத்ததில்லை. முதல் கோப்பை தேத்தண்ணி அவனுக்குத்தான். சீனப் பெருநாளுக்குப் போனால் கை நிறைய மண்டரின் ஆரஞ்சு. ஆனால் விருந்தாளிக்குத்தான் முதல் கோப்பை கொடுப்பார்கள், வீட்டுக்காரன் தானே ஊற்றிக் குடிப்பான் என்பது அவனுக்குத் தெரியாதா? 'இவன் எங்க ஆட்டக்காரன்' என்று ஒருவர் வாயிலிருந்தும் இதுவரை வரவில்லை. அதைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவன் துடித்தான்.

போட்டியை நடத்துவது ஒரு ஜப்பான் கம்பெனி. அதனால் கணக்கும் ஜப்பான் கணக்கு. இங்கேதான் சிக்கல். செகிஞ்சான்காரர்களின் பழைய கணக்கில், வேலிக்குள் இருக்கும் காலி இடத்தையும் எண்ணுவார்கள், வேலியாக நிற்கும் கல்லையும் எண்ணுவார்கள். தன் இடத்துக்குள் தானே ஒரு கல்லை வைத்தால் நட்டமில்லை. காலி இடம் ஒன்று குறையும், கல் ஒன்று கூடும், அவ்வளவுதான். அதனால் ஆட்டம் முடியும் நேரத்தில், எதிரி எங்காவது புகுந்துவிடுவானோ என்ற பயத்துக்கு, சொந்த வீட்டுக்குள் ஒரு கல்லை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாய்வார்கள். அதற்குத் தாழ்ப்பாள் என்று பெயர். ஜப்பான் கணக்கோ காலி இடத்தை மட்டும்தான் எண்ணும். தாழ்ப்பாள் போட்டால் ஒரு புள்ளி போயே போய்விடும்.

சீனப் பெருநாள் முடிந்ததிலிருந்து எல்லோரும் புதுக் கணக்கில்தான் ஆட வேண்டும் என்று தியோ சொல்லிவிட்டார். தலைதான் கேட்டது, கை கேட்கவில்லை. போன மாதம் தியோவிடமே ஐயாவு மாட்டிக்கொண்டான். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தின் கடைசியில் பழக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டான். போட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "எடுத்துக்கட்டுமா தவுக்கே?" என்று கேட்டான். தவுக்கே என்றால் முதலாளி. அங்கே பேச்செல்லாம் பாசார் மலாய் என்னும் சந்தை மொழியில்தான் நடக்கும், நாம் தமிழில் கேட்போம்.

"கைய விட்டுப் போன கல்லு போனதுதான் லா. சட்டம்னா சட்டம்" என்றார் தியோ. மாடியே சிரித்தது. அரைப் புள்ளியில் தோற்றுவிட்டு, வயல் நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த ஐயாவுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

அன்றிலிருந்து கையைப் பழக்கினான். பிளைவுட்டில் கோடு கிழித்த பலகை, கறுப்புக்கு ரப்பர்க் கொட்டை, வெள்ளைக்குச் சட்டைப் பொத்தான். வேலை விட்டு வந்ததும் இரண்டு பக்கமும் தானே ஆடுவான். ஆட்டம் முடிகிற கட்டம் வந்தால் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவான். யோசித்து முடித்த பிறகுதான் கைக்கு விடுதலை. மனைவி புஷ்பவள்ளி ஒருநாள் வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தாள்.

"கைக்கு என்ன கேடு?"

"சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"நல்லா இருக்கு. இந்த வீட்டுல நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், உங்களைப் பத்தி" என்றாள். போனவள் திரும்பி வந்தாள். "இத்தன பாடு படுறீங்க, வழக்கம்போல சிரிச்சிக்கிட்டே தோத்துட்டு வந்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிப்புட்டேன்."

ஆட்டத்து ஞாயிறு வந்தது. காலையில் மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அறுப்புக் காலமானதால் நெல் தூசி உள்ளே வந்து கழுத்தெல்லாம் அரித்தது. ஒற்றையா இரட்டையா பார்த்ததில் ஹொக்குக்குக் கறுப்பு விழுந்தது. கறுப்புதான் முதலில் வைக்கும். அந்த அனுகூலத்துக்கு ஈடாகக் கடைசியில் வெள்ளைக்கு ஐந்தரைப் புள்ளி சேர்த்துக்கொள்வார்கள்.

ஐயாவு ஆரம்பத்திலேயே சறுக்கினான். வலது ஓரத்தில் அவனுடைய கற்கள் ஒரு கூட்டமாக வளைக்கப்பட்டுச் செத்தன. ஹொக் மூக்கால் பாட ஆரம்பித்தான். ஜெயிக்கிறோம் என்று தோன்றினால் அவன் அப்படித்தான் பாடுவான், அவனுக்கே தெரியாது. இந்த மாதிரி நேரத்தில் இரண்டு கல்லைப் பலகை மேல் வைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுவதுதான் மரியாதை. ஐயாவு எத்தனையோ ஞாயிறுகளில் அந்த மரியாதையைக் குறைவில்லாமல் செய்திருக்கிறான். இன்றைக்கு மரியாதை கிடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

மேல் மூலையில் புகுந்தான். ஹொக் துரத்தினால் ஓடினான், விட்டால் அங்கேயே கூடு கட்டினான். ஓரங்களில் ஒன்று, இரண்டு என்று சுரண்டிச் சுரண்டி எடுத்தான். சாப்பிடப் போனவர்கள் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஹொக்கின் பாட்டு நின்றிருந்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் வைக்க இடமே இல்லாமல் போனது. ஐயாவு தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு எண்ணினான். மறுபடி எண்ணினான். கறுப்புக்கு ஆறு புள்ளி அதிகம். தனக்கு வரவேண்டிய ஐந்தரையைச் சேர்த்தாலும் அரைப் புள்ளி குறைகிறது. இவ்வளவு தூரம் வந்து அரைப் புள்ளி. முறை அவனுடையது, வைப்பதற்கோ ஒன்றும் இல்லை.

"ஹாபிஸ்" என்றான். இனி நான் வைக்கவில்லை என்று அர்த்தம். இருவரும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஹொக்கும் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும்.

ஹொக் பெரிதாக மூச்சு விட்டான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவன் கை தானாகக் கிண்ணத்துக்குள் போய் ஒரு கல்லை எடுத்து, கீழ் மூலையில் தன்னுடைய வீட்டுக்குள்ளேயே பதமாக வைத்தது. தாழ்ப்பாள்.

ஐயாவு அந்தக் கல்லைப் பார்த்தான். தேவையில்லாத கல், ஹொக்குக்கு ஒரு புள்ளி நட்டம் என்பது அவனுக்கு உடனே தெரிந்தது. நெஞ்சு அடித்த அடி எதிரே இருப்பவனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தான். "ஹாபிஸ்" என்றான் மறுபடியும். "ஹாபிஸ்" என்றான் ஹொக், சிரித்த முகமாக.

தியோ எண்ணினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார். "வெள்ளை. அரைப் புள்ளி" என்றார். ஹொக்கின் கண் தன் கல்லைத் தேடிப் போனது. கண்டுபிடித்ததும் முகம் செங்கல்லாகச் சிவந்தது.

மாடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பழைய கணக்கில் பார்த்தால் ஹொக்தானே என்றார் ஒருவர். பாவம், பழக்க தோஷம் என்றார் மற்றொருவர். தியோ கையைத் தூக்கி அமர்த்தினார்.

"ஐயாவு, நீ நல்ல மனுஷன். அது ஆட்டத்துல வெச்ச கல்லு இல்ல, கை மறதியில வெச்சது. எடுத்துடலாம். ஹொக் இந்த வருஷம் போகட்டும், நீ அடுத்த வருஷம் போ. என்ன, சரிதானே?"

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சரி என்றுதான் சொல்வான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, அவனுக்கே இல்லை. லயத்தில் பிறந்தவன் வாயில் பல் முளைக்கும் முன்பே 'சரிங்க' முளைத்துவிடும். கணக்கெழுதும் கிராணியிடம் சரிங்க, வேலை வாங்கும் மண்டோரிடம் சரிங்க, லோரி முதலாளியிடம் சரி தவுக்கே. அந்தச் சொல் இப்போதும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதோடு எதிரே இருப்பவன் ஹொக். பலகையை முதன்முதலில் காட்டியவன். அவனிடமிருந்து ஓர் இடத்தைப் பறிப்பது ஐயாவுக்கு உண்மையிலேயே வலித்தது.

"சரியில்ல தவுக்கே" என்றான்.

குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று மேலே பேசினான். "போன மாசம் நானும் இதே மாதிரி ஒரு கல்லு வெச்சேன். எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். சட்டம்னா சட்டம்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் வீட்டுக்குப் போயி கைமேல உக்காந்து பழகினேன்."

"அது வேற, இது வேற" என்றார் தியோ.

"என்ன வேற?"

தியோ வாயைத் திறந்தார். என்ன வேறு என்று சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்திருக்க வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஐயாவு நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் போய்விட்டான் என்று வைத்துக்கொள்வார்கள் என்று இரண்டு கால்களையும் ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

ஹொக் கையை நீட்டி அந்தக் கல்லை எடுத்தான். பார்த்தவர்கள் பிரச்சினை தீர்ந்தது என்று அசைந்து உட்கார்ந்தார்கள். ஹொக் கல்லை விரலில் உருட்டிப் பார்த்தான். பிறகு எடுத்த இடத்திலேயே டக்கென்று திருப்பி வைத்தான்.

"வெச்சது நான்" என்றான் தியோவிடம். "அவன் பேர எழுது."

சொல்லிவிட்டு ஐயாவு பக்கம் திரும்பாமலே படி இறங்கிப் போய்விட்டான். ஐயாவு பின்னாலேயே இறங்கினான். கீழே கடை வாசலில் ஹொக் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். அது கிளம்ப மறுத்தது.

"கோபமா?" என்று கேட்டான் ஐயாவு.

"ஆமா. ரொம்பக் கோபம்" என்றான் ஹொக். மறுபடி ஓர் உதை. "உன் மேல இல்லன்னு சொல்ல மாட்டேன். உன் மேலயும்தான். அடுத்த வருஷம் அந்த எடத்த உங்கிட்டருந்து புடுங்கிக்குவேன்."

இத்தனை வருடத்தில் ஹொக் அவனைக் கேலி பண்ணிச் சிரித்திருக்கிறான், பாராட்டியிருக்கிறான், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஒரு தடவைகூட அவனைப் பார்த்து இப்படிப் பல்லைக் கடித்ததில்லை. ஐயாவுக்கு வருத்தமும் சந்தோஷமும் ஒன்றாக ஏறி வந்தன.

"வா. வந்து புடுங்கிப் பாரு" என்றான்.

ஹொக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். வண்டி கிளம்பியது. திரும்பிப் பார்க்காமல் போனான். மேலே ஜன்னலிலிருந்து தியோவின் குரல் கேட்டது.

"ஐயாவு, அங்க என்ன பண்ற? போட்டிக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. மேல வா, ஆடணும். தேத்தண்ணி வேணும்னா வர வழியில நீயே ஊத்திக்க."

ஐயாவு படியேறினான்.