ரோஜாவின் சிலுவை

அளம்பட்டினத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் கடலில்தான் தொடங்குவார்கள். கப்பல் வந்து நின்ற துறை, ராஜா காலத்துக் கோயில், வெள்ளைக்காரன் உப்புக்காகக் கட்டிய பங்களா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, இப்போது பாண்டிச்சேரிக்குப் போகிற கார்கள் இளநீர் குடிக்க நிற்கிற இடம் என்று முடிப்பார்கள். திண்டிவனத்தில் கிழக்கே பஸ் ஏறினால் சாலை கடலில் போய் முட்டுகிற இடத்தில் இருக்கிறது ஊர். பஸ் நிலையத்தில் பெரிய போர்டு வேறு வைத்திருக்கிறார்கள், வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த ஊர் என்று. அந்தச் சிறப்பில் உப்பு வாரியவர்களுக்கு இடம் இல்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை காலனியில் இருப்பார்கள், செத்தால் காலனிக் கல்லறைக்குப் போவார்கள்.

ஊரில் இருந்த மேடெல்லாம் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்தபிறகு மிச்சம் கிடந்த பள்ளம்தான் காலனிக் கல்லறை. உப்பளத்து வரப்பைத் தாண்டி, உப்பங்கழித் தண்ணீர் ஏறி இறங்குகிற சதுப்பை ஒட்டி இருக்கிறது. மேடு அவர்களுக்கு, பள்ளம் இவர்களுக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. சட்டம் போட்டிருந்தால் எவனாவது கோர்ட்டுக்குப் போய் உடைத்திருப்பான். போடாததால்தான் இத்தனை தலைமுறையாக அசையாமல் நிற்கிறது.

இடம் சின்னது, சாவு நிற்பதில்லை. அதனால் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. அடுத்த ஆள் போகும்போது அதே குழியைத் திறப்பார்கள். பழைய எலும்பைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் முடிந்து, புதிதாகப் போகிறவரின் கையருகே வைத்து மூடுவார்கள். எலும்பைத் துணியில் வாங்க இரண்டு பெண்கள் வேண்டும். பெற்றவள் உயிரோடு இருந்தால் அவள்தான் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும்.

இந்த வழக்கத்தை நம்பித்தான் ஆரோக்கியசெல்வி அன்று காலை புருஷன் பிணத்தை வீட்டில் கிடத்திவிட்டுக் கல்லறைக்கு வந்து நின்றாள்.

புருஷன் பிரான்சிஸ். சிறு வயதிலிருந்து உப்பளத்தில் பாத்தி மிதித்தவன். சிறுநீரகம் கெட்டு, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் படுத்து எழுந்து, கடைசியில் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தான். அவன் போனது அவளுக்குத் துக்கம்தான். ஆனால் போகிறதுக்கு முன்னால் அவன் சொல்லிவிட்டுப் போன பேச்சுதான் அவளைப் போட்டு அறுத்தது.

"என்னை ரோஜா குழில போடாத செல்வி. வேலி ஓரமா எங்கனா ஒரு புதுக்குழி வெட்டிப் போட்டுடு."

ஆரோக்கியசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோஜா அவர்களுக்கு ஒரே பெண். பதினேழு வயதில் காய்ச்சலில் போனவள்.

"இன்னா மாமா பேசிக்கினு கீற? பெத்த பொண்ணுகிட்ட போறதுக்கு உனக்குக் கசக்குதா?"

"அவ தூங்கிக்கினு கீறா. அவள எழுப்பாத."

சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். ரோஜாவுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் உப்பளத்தில் முதிர்ந்த உப்பு. வாரிக் குவித்து முடித்த அன்று தென்கிழக்கில் மேகம் திரண்டுவிட்டது. குவியலை ஓலை போட்டு மூடாவிட்டால் ஒரு மழையில் எல்லாம் தண்ணீராகப் போய்விடும், அப்புறம் குத்தகைக்காரன் முகத்தில் விழிக்க முடியாது. ஒரு ராத்திரி பொறு, குவியலை மூடிவிட்டுக் காலையில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பிரான்சிஸ் சொன்னான். அவளும் சரி என்றுதான் சொன்னாள். உப்பளத்து வீடுகளில் மேகத்தைப் பார்த்தபிறகு யாரும் வேறு எதையும் பார்ப்பதில்லை. காலையில் திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் ரோஜாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. மேகம் என்னவோ மழை பெய்யாமலே கலைந்து போனது.

கன்னிப்பெண் என்பதால் கல்யாணப் பெண்ணைப்போல வெள்ளைப் புடவை கட்டி, கம்பியில் பிளாஸ்டிக் பூ சுற்றிய முடியைக் கிரீடமாகத் தலையில் வைத்துப் புதைத்தார்கள். பிரான்சிஸே சிமெண்டில் சிலுவை வார்த்து, ஈரம் காயுமுன் ஆணியால் அவள் பேரை எழுதினான்.

அன்றிலிருந்து அவன் பழைய பிரான்சிஸ் இல்லை. அதற்காக அவள் அவனை ஒரு நாளும் வைததில்லை. வைதிருந்தால் அவனுக்கு லேசாகியிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வந்த புயலுக்குப் பிறகு இன்னும் மோசம். கழித் தண்ணீர் ஏறி, கல்லறை முழுக்கக் குளமாகி, வடிந்தபோது ஒரு மேடு மிச்சமில்லை. சிலுவைகளெல்லாம் பிடுங்கிக்கொண்டு போய் வேலியோரம் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு சிலுவையிலும் பேர் இருந்தது, ஆனால் எந்தப் பேருக்கு எந்த இடம் என்று சேறு சொல்லவில்லை. காலனிக்காரர்கள் அவரவர் நினைவை வைத்துக்கொண்டு அவரவர் சிலுவையைத் தூக்கிப்போய் நட்டார்கள். அவளுக்கு அப்போது விஷக்காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. பிரான்சிஸ்தான் நாள் தவறாமல் போய்த் தேடினான். ஒரு சாயங்காலம் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து, இடம் கிடைத்துவிட்டது, சிலுவையை நட்டுவிட்டேன் என்றான். அவள் படுக்கையிலிருந்தபடியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை முடிந்து அவள் கல்லறைக்குப் போவாள். மெழுகுவர்த்தி ஏற்றுவாள், காலனியில் நடந்த கதையெல்லாம் ரோஜாவுக்குச் சொல்லுவாள். பிரான்சிஸும் கூட வருவான், ஆனால் கேட்டுக்கு உள்ளே வரமாட்டான். பனைமரத்தடியில் நின்று கழியைப் பார்த்துக்கொண்டிருப்பான். பாவி மனுஷன், பெண் முகத்தில் விழிக்க இன்னும் கூசுகிறான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இப்போது சாவிலும் அதே கூச்சம். அவன் தன்னை மன்னிக்காவிட்டால் போகட்டும், நான் மன்னிக்கிறேன் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். ரோஜாவும் மன்னித்திருப்பாள். பெண்ணை அவன் கையருகே வைத்து மூடிவிட்டால் அந்த ஒரு ராத்திரிக்குக் கணக்கு தீர்ந்துவிடும். அவன் கடைசிப் பேச்சை மீறுகிறோமே என்று வருத்தம் இருந்தாலும், அவனுக்கு நல்லது செய்யத்தானே மீறுகிறோம் என்று தேற்றிக்கொண்டாள்.

குழி வெட்டுகிற பெரியசாமிக்கு ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. அண்ணி, அந்த இடம் ஈரம், தண்ணி ஊறும், வேலியோரம் புதுசாக வெட்டித் தருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அவள் காதில் வாங்கவில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டே ரோஜாவின் சிலுவையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தான்.

துணியின் மறுமுனையைப் பிடிக்க அம்சா வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அவளோடு உப்பளத்தில் வேலை செய்கிறவள். அம்சாவின் அப்பா ஞானமுத்துவும் இந்தக் கல்லறையில்தான் இருக்கிறார். காலனியில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்து எல்லோருக்கும் சேதி சொன்னவர். அவர் சிலுவை இரண்டு வரிசை தள்ளி நிற்கிறது. அம்சா வரும்போதே அதன்மேல் கையை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உப்பளத்திலிருந்து காற்று அடித்தது. இடுப்பளவு ஆழம் போனதும் பெரியசாமி கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினான். ஆரோக்கியசெல்வி துணியை விரித்துக்கொண்டு குனிந்தாள். அந்தப் பூமுடி தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் பூ மக்காது, ரோஸ் நிறம் கொஞ்சமாவது இருக்கும், கம்பி துருப்பிடித்திருக்கும் என்று ராத்திரியெல்லாம் நினைத்து வைத்திருந்தாள்.

பெரியசாமி ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தான். தடித்த கறுப்பு பிரேம். ஒரு காது ஒடிந்து, செம்புக்கம்பி சுற்றிக் கட்டியிருந்தது.

அவன் அதைச் சட்டென்று துண்டுக்குள் மறைக்கப் பார்த்தான். மறைப்பதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். அந்தக் கம்பியை அப்பாவுக்குச் சுற்றிக் கொடுத்தது அம்சாதான். எட்டாவது படிக்கும்போது, பழைய ரேடியோவிலிருந்து உருவிய கம்பி.

ஆரோக்கியசெல்விக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பெரியசாமி குழிக்குள் நின்றபடியே அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

"அண்ணனுக்கு எடம் தெரியல அண்ணி. ரெண்டு பேரும்தான் தேடனோம். கெடைக்கலன்னு சொன்னா நீங்க உயிரோட இருக்க மாட்டீங்கன்னு, இங்க நட்டாரு. யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அவள் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பனைமரத்தடி நினைவுக்கு வந்தது. வேலி ஓரமாப் போட்டுடு என்றது நினைவுக்கு வந்தது. அவன் கூசியது பெண்ணைப் பார்த்து இல்லை, இவளைப் பார்த்து. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவள் யாரோ ஒருவரின் தலைமாட்டில் உட்கார்ந்து ரோஜா, ரோஜா என்று கதை சொல்லிக்கொண்டிருக்க, தூரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். குழியைத் திறந்தால் பொய் உடைந்துவிடும், இரண்டாம் தடவை இவள் பெண்ணைச் சாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் பெண்ணோடு சேர்த்துப் போடாதே என்று கெஞ்சினான். இவளோ மன்னிக்கிறேன் பேர்வழி என்று கடப்பாரையோடு வந்து நிற்கிறாள். அந்த நிமிஷம் அவளுக்குப் பிரான்சிஸ் மேல் வந்த பாசமும் கோபமும் இன்னது இது என்று பிரித்துச் சொல்ல முடியாதவை. ஐயோ மாமா, என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் கேட்டாள்.

மூடிவிட்டு வேலியோரம் வெட்டட்டுமா என்று பெரியசாமி மெதுவாகக் கேட்டான்.

அவள் சுற்றிப் பார்த்தாள். கல்லறை முழுக்கச் சிலுவைகள். எல்லாம் புயலுக்குப் பிறகு அவரவர் தூக்கி வந்து நட்டவை. எந்த வீட்டுக்காரன் நிச்சயமாகத் தெரிந்து நட்டான்? இந்தக் குழியில் ரோஜா இல்லை என்று வெளியே தெரிந்தால் நாளைக்குக் காலனி முழுக்க மண்வெட்டியோடு வந்து நிற்கும். ஒவ்வொருத்தியும் இவளைப்போல விளிம்பில் உட்காருவாள். பிரான்சிஸ் ஒருத்திக்காகச் சுமந்ததை இனி இவள் எல்லோருக்காகவும் சுமக்க வேண்டியதுதான்.

எழுந்து துணியை உதறி விரித்தாள்.

"எடுத்துக் குடு பெரியசாமி. வெயிலு ஏறுது."

அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். பெற்ற பெண்ணை வாங்குவதுபோலவே அவள் வாங்கினாள். அம்சா கண்ணாடியைத் துண்டிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, எலும்புகளோடு வைத்தாள். முடிச்சை இரண்டு பேரும் சேர்ந்து போட்டார்கள்.

சாயங்காலம் பிரான்சிஸைக் கொண்டுவந்தார்கள். பங்குச் சாமியார் ஜெபம் சொன்னார். வெள்ளை முடிச்சை அவன் வலது கையருகே வைத்தபோது காலனிப் பெண்கள் ஒன்றாகக் குரலெடுத்தார்கள். பொண்ணுகிட்ட போய்ச் சேர்ந்துட்டியே ராசா, இனிமே உனக்கு என்ன குறை என்று பாடி மாரடித்தார்கள். ஆரோக்கியசெல்வியும் அடித்துக்கொண்டாள். அவள் அழுகையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அது பொய் அழுகை இல்லையே.

ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அம்சா இரண்டு பிடி போட்டாள். இரண்டாவது பிடி யாருக்கு என்று அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். போட்டுவிட்டு வந்து ஆரோக்கியசெல்வியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எங்கப்பா சிலுவை கீற எடத்துல ரோஜா இருந்தாலும் இருக்கும்க்கா. நான் அங்கதான் வந்து வெளக்கேத்திக்கினு இருந்தேன். சும்மா கெடக்கல அவ."

இருந்தாலும் இருக்கும். இல்லாமலும் இருக்கும். அம்சாவுக்கு அப்பா கிடைத்துவிட்டார். காலையில் இருந்த பெண்ணைச் சாயங்காலத்துக்குள் தொலைத்தவள் ஆரோக்கியசெல்வி மட்டும்தான். அவளும் குனிந்து இரண்டாவது பிடி மண்ணை அள்ளியிருந்தாள். அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஞானமுத்துவின் சிலுவை வரைக்கும் நடந்து போனாள், கொஞ்ச நேரம் நின்றாள், மண்ணோடு திரும்பி வந்தாள்.

கல்லறை மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பார்கள். அதற்காக வாசலோரம் ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராகக் கை கழுவிக்கொண்டு போனார்கள். பெரியசாமி சொம்பில் மொண்டு அவளுக்கு ஊற்ற வந்தான். ஆரோக்கியசெல்வி ஒரு கையை மட்டும் நீட்டினாள்.