பசிக்கு முந்திய சோறு

வெள்ளவத்தையில், கடற்பக்கம், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. எட்டுப் பேர், அதில் மூன்று பேர் இயக்குநர்கள். கடைச் சாப்பாட்டை வீடுகளுக்கு அனுப்புவதுதான் தொழில். முதலாளி ஒஸ்வால்ட் அதைப் 'பசியின் எதிர்காலம்' என்பார்.

ஓடர், சமையல், டெலிவரி மூன்றும் மூன்று கொம்பியூட்டர்களில் ஓடின. ஒவ்வொன்றும் தான் செய்ததை வரிவரியாகப் பதிந்துகொண்டே இருக்கும். அந்த வரிகளை நேர ஒழுங்கில் கலந்து, ஒரே கறுப்புத் திரையில் ஓடவிடும் கருவியை நிஹ்லா எழுதியிருந்தாள். பொத்தான் இல்லை, படம் இல்லை; ஒரு சொல்லைத் தட்டினால் போதும். ஓடர் நீலம், சமையல் பச்சை, டெலிவரி மஞ்சள். கொட்டாஞ்சேனைக்குப் புரியாணி, கிருலப்பனைக்கு இடியப்பம்... பார்த்திருந்தால் கண் சொக்கும். கீழே ரயில் போய்க் கட்டடம் அதிரும்போது வரிகள் மீன்குஞ்சுகளாய் நெளியும்.

அன்று முதலீடு போட சாமினி வந்திருந்தார். வருகை நல்லபடி முடிந்தால்தான் நிஹ்லாவின் வேலை நிரந்தரம் என்று ஒஸ்வால்ட் சொல்லிவைத்திருந்தார்.

நிஹ்லா நேற்றைய நாளைத் திரையில் ஓடவிட்டாள். விடிந்ததும் மஞ்சள் வரி: புரியாணி கொடுத்தாயிற்று. நெடுநேரம் கழித்து நீல வரி: புரியாணி வேண்டும்.

அவளுக்கு விளங்கிவிட்டது. புதிதாக வாங்கிய டெலிவரிக் கொம்பியூட்டரின் மணிக்கூட்டை யாரும் இலங்கை நேரத்துக்கு மாற்றவில்லை. அதற்குள் ஒஸ்வால்ட் எழும்பிவிட்டார்.

"பாத்தீங்களா மெடம்? பசிக்க முன்னமே சோறு! எங்கட சிஸ்டத்துக்கு ஞானதிருஷ்டி!"

ஒரு கணம் எல்லாரும் நம்பினார்கள். கடல் வெளிச்சம் கூரையில் அலைந்தது. பசி எழும்ப முன்னமே வாசலில் சூட்டோடு பார்சல் காத்திருக்கும் ஒரு நகரம், நிஹ்லாவின் கண்ணிலும் வந்து போனது.

"அப்ப என்ர சாப்பாடு எங்க?" என்றார் சாமினி. "எனக்கு இப்பவே பசிக்குது."

ஒஸ்வால்ட் நிஹ்லாவைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் வேலை நிரந்தரம்.

"ஞானதிருஷ்டி இல்ல மெடம். டெலிவரி கொம்பியூட்டர் இன்னும் கிரீன்விச் நேரத்துல இரிக்கி. நம்மட நேரத்துக்கு அஞ்சர மணித்தியாலம் பின்னுக்கு."

சாமினி விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் கறுப்புத் திரை இல்லாட்டி எப்ப தெரிஞ்சிருக்கும்?"

"சனம் போன் எடுத்து ஏசக்குள்ள" என்றாள் நிஹ்லா.

"ஒஸ்வால்ட், இந்தப் பிள்ளையை விட்டிடாதேங்கோ."

"விடுறதோ? அவவுக்கு நிரந்தரக் கடிதம் எப்பவோ குடுத்தாச்சே!"

"எந்த நேரத்துப்படி சேர்?" என்றாள் நிஹ்லா. "கிரீன்விச்சா, வெள்ளவத்தையா?"

ஒஸ்வால்ட் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். நிஹ்லா கருவியில் டெலிவரி நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டித் தட்டினாள். நேற்றைய நாள் மறுபடியும் ஓடியது: பசி முன்னால், சோறு பின்னால், வழமைபோல் கொஞ்சம் பிந்தி.