பங்குனியில் ஒட்டிய கண்

…ஒட்டுக்கட்டிய ரோஜாக் கண்ணின் இலைக்காம்பு தொட்டவுடன் உதிர்ந்தால் கண் பிடித்துவிட்டது, வற்றிப்போய் ஒட்டிக்கொண்டே நின்றால் செத்துவிட்டது, வேறே சோதனையே வேண்டாம் சாப் என்று அடையாற்று பங்களாத் தோட்டக்காரன் ஹபீபுர் ரஹ்மான் சொல்லியிருந்தான், அப்படியேதான் உதிர்ந்தது, இருபத்தோராம் நாள் காலையில், விரல் பட்டும் படாததுமாக… அந்த ஒரு கண் துளிர்த்துக் கிளைத்து இந்தத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை வெயிலில் முதல் பூவோடு நிற்கிறது. வேதநாயகம் செடி வைத்த மண்ணெண்ணெய் டின்னுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்போ என்று சந்தேகப்படும்படியான சிவப்பு, உள்ளங்கை அகலம், அந்த வாசனை… நாட்டு ரோஜாவின் வாசனை மூக்கோடு போய்விடும், இது நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. சாந்தோம் சந்தில் பன்னிரண்டடிக்கு எட்டடி கொல்லை, ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் துவைக்கிற கல், இதற்குள் துரை பங்களாவின் வாசனையை அடைத்துவிட்டோமே என்று நேற்றுக்கூட ஒரு கணம் சந்தோஷமாயிருந்தது, உடனே வெட்கமாகிவிட்டது. பூ மலர்ந்து மூன்று நாள். மனைவி லூர்துமேரி தண்ணீர் இறைக்க வருகிறாள், டின்னுக்கு முதுகைக் காட்டி நின்று இறைக்கிறாள், போய்விடுகிறாள். அழகாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, பிடுங்கி எறியுங்கள் என்றும் சொல்லவில்லை. எறியச் சொன்னால் எறிந்துவிடலாம். எறிந்துவிடுவோமா, நிஜமாகவே?

பூச்சி விழுந்திருக்கிறதா என்று ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் குரல் கேட்டது, “அம்மா, சார் கீறாரா?” தணிகாசலம். ஆபீஸ் பியூன் தணிகாசலம். சித்தூரிலேயே தங்கி மிச்சக் காகிதங்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தவன் போன வாரந்தான் பட்டணம் திரும்பியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிக்கிறேன் சார் என்றான், எதற்கப்பா அதெல்லாம் என்று மூன்று தரம் சொல்லியாயிற்று, வந்துவிட்டான். எழுந்து போக வேண்டும், அடுப்பங்கரை, நடை, வாசல், பத்து எட்டுதான், போய் அவனைத் தோளோடு அணைத்துத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்… இன்னோர் இலையைத் திருப்பினார். அவனுக்கு என்ன தெரியும்? எல்லாம் தெரியும். போன ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது ஆபீசைப் பூட்டிச் சித்தூருக்கு மாற்றினார்கள், கூட வர முடியாதவர்களுக்கு ஒரு மாதம் லீவு கொடுத்தார்கள், அந்த லீவை வேதநாயகம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார், வீட்டுக்கு வந்து லூர்துமேரியிடம், எனக்கு லீவு கிடையாதாம், ஆபீசை விட்டு நகரக்கூடாதென்று உத்தரவு, நீயும் குழந்தை செசிலியும் ஆரணிக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போங்கள் என்றார். தணிகாசலத்துக்கு லீவு தெரியும், லூர்துமேரிக்கு உத்தரவுதான் தெரியும், இப்போது இரண்டு பேரும் எதிரெதிரே…

எதற்காகச் சொன்னோம்? அன்று சாயங்காலம் துரை குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பங்களாவில் ஹபீபுர் ரஹ்மான் இரண்டு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கையில் கொடுத்தான், எல்லாரும் போய்ட்டா தண்ணி ஊத்த ஆளில்லே சாப், செத்துப்பூடும், நீயாச்சும் காப்பாத்து என்றான். பங்குனிக் கடைசி, ஒட்டுக்கட்டும் காலமா அது, தெரிந்துதான் கட்டினார், நாட்டு ரோஜாத் தண்டைக் கீறி, கண்ணைச் செருகி, வாழைநாரால் சுற்றி… மூன்று வாரம் நிழல் மாறாமல் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்த்துக்கொண்டார். ஆளில்லாத தெரு, குழந்தைச் சத்தமில்லாத வீடு, காலையும் மாலையும் குவளையில் தண்ணீர், நிம்மதியாகத்தான் இருந்தது, யாரிடமாவது இதைச் சொல்ல முடியுமா? பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ஒன்பது மாதமாகிறது, சாமியார் மன்னித்துவிடுவார், அதுதான் பயம். ரயிலடியில் லூர்துமேரி, ஏதாவது அவசரமென்றால் எங்கே எழுதுவது என்று கேட்டாள், பொய்யென்றால் முழுப் பொய்யாக இருக்கட்டும் என்று ஆபீஸ் விலாசத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார், பகலெல்லாம் அங்கேதான் இருப்பேன், தந்தியானாலும் அங்கேயே கொடு. செசிலி ரயில் ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏழு வயது, சீ, எடு நாக்கை என்றதுதான் அவளிடம் கடைசியாகப் பேசியது. ஆரணியில் வீட்டுக்குப் பத்துப் பேர் ஓடிவந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே கிணறு, வாந்திபேதி. இரண்டு தந்தி. பூட்டிய ஆபீசில் வாங்க யார் இருக்கிறார்கள், தந்திச் சேவகன் இரண்டு தரமும் வந்து திரும்பிப் போனானாம். பிறகு மச்சான் சாந்தோம் வீட்டு விலாசத்துக்கே எழுதிப் போட்ட கடிதம் வந்தது இருபத்தோராம் நாள் மத்தியானம், காலையில் இலைக்காம்பு உதிர்ந்த சந்தோஷத்தில் பாயசம் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்தபோது செசிலியின் கல்லறைமண் காய்ந்திருந்தது. யுத்தகாலம், தந்தியெல்லாம் தாமதமாகத்தான் வருகிறது என்றார், லூர்துமேரி தலையை ஆட்டினாள்.

“நெஞ்சு பதறிப்பூட்ச்சும்மா, நம்பவே முடியல… குயந்தய ஒரு தபா ஆபீசுக்கு இட்டாந்தாரே, என் தலப்பாவை எடுத்து வெச்சிக்கினு ஆடுச்சே!” என்று தணிகாசலம் சொல்வது கேட்டது. லூர்துமேரி ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை, உட்காரச் சொல்லியிருப்பாள். பேசட்டும், குழந்தையைப் பற்றியே பேசிவிட்டுப் போகட்டும், ஆண்டவரே. “சார் இன்னா பண்றாரு?” “கொல்லையில். ரோஜாகிட்ட.” “அதானே பார்த்தேன்!” சிரிக்கிறான், துக்க வீடென்ற நினைப்பு வந்து சிரிப்பை விழுங்குகிறான், ஆனால் வாய் நிற்காது, அவன் வாய் என்றைக்கு நின்றது. “பூவக் கோட்டுல குத்திக்கினு வருவாரும்மா, மாப்ள வந்துட்டாருடோய்னு நாங்கல்லாம் கேலி பண்ணுவோம். ஊரே ஓடிக்கினு இருக்குது, இவரு மட்டும் மூட்டை கட்டல. இன்னா சார், ஜப்பான்காரனுக்குப் பூச்செண்டு குடுக்கப் போறியான்னு நானே கேட்டேன்.” வேதநாயகத்தின் கையில் ஓர் இலை கிழிந்தது. போதும், நிறுத்து. “லீவு குட்த்த அன்னிக்கு நான்தான் ஆபீஸ் பூட்டுக்கு அரக்கு வெச்சேன். ஒரு மாசம் சம்பளத்தோட லீவு சார், நீயும் ஊருக்குப் போயி புள்ளயோட இரு சார்னு அத்தினி தபா சொன்னேம்மா. போயிருந்தா…” அங்கே நின்றுவிட்டான். எதையோ மிதித்துவிட்டோமென்று அவனுக்கே தெரிந்துவிட்டது போல.

இப்போது அழுவாள். இல்லை, கத்துவாள், சந்தே கூடும், வரட்டும், எல்லாரும் வரட்டும், ஒருவழியாக முடியட்டும்… எழுந்துவிட்டார், எப்போது எழுந்தோமென்று தெரியாமல். கிறிஸ்துமஸன்று சொல்லிவிடுவதாயிருந்தார், பிறகு பொங்கல் கழியட்டும் என்று வைத்தார், வார்த்தைகள்கூடத் தயாராயிருந்தன, லூர்து, ஒரு விஷயம், குறுக்கே பேசாமல் கேள் என்று ஆரம்பித்து… அப்போது அவள் குரல் வந்தது. “தெரியும் தணிகாசலம். லீவு விஷயமெல்லாம் அப்போதே என்கிட்டே சொன்னார். நான்தான் வீட்டைக் காலியாப் போடவேண்டாம், நீங்க இருங்கன்னேன்.” ஒரு நடுக்கம் கிடையாது, அரிசி விலை சொல்கிற மாதிரி. “அதானே, சார் உங்களாண்ட சொல்லாமலா” என்று தணிகாசலம் பெருமூச்சு விட்டான், பிறகு சித்தூர் வெல்லம் கொண்டுவந்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

வேதநாயகம் கிழிந்த இலையைக் கீழே போட்டார். வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்காமல் இந்த நிமிஷத்தில் கட்டிய பேச்சா, அல்லது ஆரணியில் அந்தத் தந்திகள் திரும்பிய அன்றைக்கே தெரிந்து… தெரிந்துகொண்டேவா தினமும் தட்டில் சோறு போட்டாள், சட்டையில் பொத்தான் தைத்தாள், தலைவலியென்றால் தைலம் எடுத்துக் கொடுத்தாள்? தயாராக வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினார். அவற்றுக்கு இனி வேலையில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று அவளே சொல்லிவிட்டாள், அப்போதே சொல்லிவிட்டீர்கள், நான்தான் இருக்கச் சொன்னேன், செசிலியின் சாவில் தன் பங்கையும் எழுதிக்கொண்டுவிட்டாள், இனிமேல் போய் எதைச் சொல்வது, யாரிடம்?

“என்னங்க, காப்பி ஆறுது, தணிகாசலம் காத்துக்கிட்டிருக்கார், வாங்க” என்று லூர்துமேரி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. எப்போதும் என்றால், எந்த நாளிலிருந்து…