இறால் நுழையாத வீடு

என் கணவர் போய் இருநூற்று எழுபது மணி நேரம் ஆகியிருந்தது. இனி வரமாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். "அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். சொல்லவில்லை. அவருடைய அப்பாவான மாமா தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்றே நான் சொல்லிவந்தேன்.

வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நான் பேசக்கூடிய ஒரே ஆள் மாமா. உண்மையைச் சொல்லிவிட்டால் அவரும் மகன் பக்கத்து மனிதராகிவிடுவார்.

சனிக்கிழமை மதியம் இறாலும் கணவாயும் வாங்கி வந்தேன். என் கணவருக்கு இரண்டுமே ஆகாது. துளி பட்டாலே தொண்டை வீங்கிவிடும். நான்கு வருடங்களாக இந்த வீட்டுக்குள் அவை நுழைந்ததில்லை. எனக்கோ உயிர். நடந்ததில் எனக்கென்று ஒரு நன்மையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் வதக்கி, மிளகாய்த்தூளைத் தாராளமாகவே போட்டேன். தக்காளி கரைந்ததும் டப்பாவிலிருந்த சிவப்பு பீன்ஸ். கணவாயையும் இறாலையும் காகிதத்தில் ஒற்றி ஈரம் எடுத்துக் கடைசியில் சேர்த்தேன். மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் ரப்பர். அடுப்பை அணைத்தபோது அழைப்புமணி அடித்தது.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர்.

"உங்க லிஃப்ட் படுத்துக்கிச்சு. நாலு மாடி ஏறி வந்தேன். என் தொழிலுக்கே அவமானம்."

மூக்கை உறிஞ்சினார். நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தார்.

"அடிப்பாவி. துரை ஊர்ல இல்லன்னதும் கொண்டாட்டமா?"

"ஆசையா இருந்துச்சு மாமா."

"அவனுக்காக நானும் வீட்டுல இதத் தொட்டு வருஷக்கணக்காச்சு. எனக்கும் போடு."

அவருடைய வழுக்கை முழுவதும் வியர்த்தது. "காரம் காதுல ஏறுது" என்றபடியே இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டார். எனக்கு மூன்றாவது இறால் இறங்கவில்லை. காரத்தில்தான் என் கண் கலங்குகிறது என்று நினைத்துத் தண்ணீரை என் பக்கம் தள்ளினார்.

"சரி, துரை எப்ப வர்றாரு?"

"ரெண்டு நாள் ஆகும்."

எழுந்தார். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரத்தொட்டி முன் நின்றார்.

"நான் கழுவிக்கிறேன் மாமா."

"நீ சும்மா இரு. கொதிக்கிற தண்ணி ஊத்தினா போயிடுமா? சயின்ஸ் படிச்சவதானே, சொல்லு."

"போகாது மாமா. அவருக்கு ஒத்துக்காத அந்தப் புரதம் சூட்டுல அழியாது. சோப்பு போட்டுத் தேய்ச்சுத்தான் எடுக்கணும்."

இதை மட்டும் தயங்காமல் சொல்ல முடிந்தது.

வாணலி, கரண்டி, தட்டுகள் எல்லாவற்றையும் தேய்த்தார். காய் நறுக்கும் மரப்பலகையைக் குப்பைக்கூடையில் போட்டார். "இது உறிஞ்சியிருக்கும். புதுசு வாங்கித் தர்றேன்."

"சரி மாமா."

"அவனுக்கு அஞ்சு வயசுல ஒரு கல்யாண வீட்டுல கரண்டிய மாத்திப் போட்டுட்டாங்க. மூஞ்சி பூசணிக்காயாட்டம் ஆயிடுச்சு. தூக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசல்ல குனிஞ்சு பாத்தா கால்ல செருப்பு இல்ல. எங்க விட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

சிரித்தார். வாணலியை மூன்றாவது முறையாக நுரையில் முக்கினார். விரல் வெடிப்புகளில் சோப்பு எரிந்திருக்க வேண்டும். கையை உதறிவிட்டு மறுபடியும் தேய்த்தார். பிறகு அடுப்பின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"இதுக்குள்ளயும் தெறிச்சிருக்கும். காலையில டீ போட வந்தான்னா அவன் கை மொதல்ல இங்கதான் படும்."

நான் குழாயை மூடினேன்.

"விடுங்க மாமா."

"இரும்மா, இன்னும் ரெண்டுதான்."

"தேய்க்க வேணாம். அவர் வேலைக்காகப் போகல மாமா. நான் வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டார்."