பட்டன் பிரிவில் ஒரு காதல் நாவல்

தையல்கூடத்தில் பட்டன் பிரிவு மட்டும் கைவேலை. மெஷின் சத்தம் கிடையாது. வாய் சும்மா இருக்குமா? அதனால் ஒருத்தி கதைப் புத்தகம் வாசிப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தைப்பார்கள். வாசிக்கிறவளின் பங்குச் சட்டைகளையும் அவர்களே தைத்துவிடுவார்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் ஆளுக்கொரு கருத்து சொல்லியாக வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

இந்தத் தடவை வாசிப்பு அவளிடம் வந்தது குரல் வளத்துக்காக அல்ல. புருஷன் தவறிப்போன பிறகு வேலைக்குத் திரும்பியவள், காஜா ஓட்டை அடித்த பக்கத்திலேயே பட்டனையும் தைத்துத் தள்ளினாள். அந்தச் சட்டையை எவன் மாட்டுவான்? சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி கத்தினார்.

"அவ கையில ஊசியக் குடுக்காதீங்க, புஸ்தகத்தக் குடுங்க" என்று நடுவில் புகுந்தவள் நீதிபதி. பிரிவிலேயே மூத்தவள், எந்தக் கதைக்கும் தீர்ப்பு சொல்லாமல் விடமாட்டாள் என்பதால் அந்தப் பட்டம்.

நாவல் ஊதினால் பறந்துவிடும், அவ்வளவு லேசு. ஒரு குடை ரிப்பேர்க்காரன். ரேடியோவில் வானிலை சொல்லும் ஒரு பெண். அவன் கடைக்கு நாலு பேர் வரட்டுமே என்று அவள் தினமும் மழை வரும் என்று புளுகுகிறாள். ஊரே கொளுத்தும் வெயிலில் குடையும் கையுமாக அலைகிறது.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சின்னவள். அந்த வயசுக்கு எல்லாமே அழகுதான்.

"ரேடியோக்காரன் அன்னிக்கே அவ சீட்டக் கிழிச்சிருப்பான்" என்றாள் முன்பு காஜா பிரிவில் இருந்த காஜா அக்கா.

"அந்தக் குடைக்காரன் காலண்டர்ல இருக்கிற ஆளு. உப்பும் இல்ல, ஒறைப்பும் இல்ல." இது நீதிபதியின் தீர்ப்பு.

வாசிக்கிறவளுக்கு எந்தக் கருத்தும் இல்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட கன்னம்போல மனசு மரத்துக் கிடந்தது. வாசிப்பில் ஒரே ஒரு சௌகரியம்: 'எப்படிம்மா நடந்துச்சு?' என்று யாரும் கேட்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் மதியச் சாப்பாட்டைக்கூடத் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

பாழாய்ப்போன நாவல் கல்யாணத்தோடு முடிந்துவிட்டது. முடிந்தது என்று சொன்னால் புத்தகத்தை வாங்கி வைத்துவிடுவார்கள், பேச்சு அவள் பக்கம் திரும்பும். அதனால் கடைசியில் இருந்த காலித் தாளைப் பார்த்தபடியே தொடர்ந்து வாசித்தாள். குடைக்காரன் அடுப்பில் வைத்த பாலிடம் "பொங்கிடாதே ராசாத்தி, கொஞ்சம் பொறு" என்று கெஞ்சினான். பஸ் ஸ்டாப் பெயர்களை வரிசையாகத் தாலாட்டு மெட்டில் பாடினான். பெண்டாட்டியோடு சண்டை போட்டால் சுவரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவளுக்குக் கற்பனையெல்லாம் வராது. வீட்டில் பார்த்ததைத்தான் சொன்னாள். கரண்ட் பில் படிக்கிற குரலில் சொன்னாள்.

"இப்பதான் ஆளு ஆளா இருக்கான்" என்றாள் காஜா அக்கா. சின்னவள் தனக்கும் இப்படி ஒருத்தன் வாய்ப்பானா என்று எல்லோரையும் கேட்டாள். நீதிபதி மட்டும் வாயைத் திறக்காமல் நூலைக் கடித்து அறுத்தாள்.

மறுநாள் நீதிபதி பையிலிருந்து அதே நாவலின் புதுப் பிரதி ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள்.

"சின்னவ கல்யாணத்துக்குக் குடுக்கலாம்னு வாங்கினேன். புரட்டிப் பாத்தா இதுல பாலும் இல்ல, பஸ்ஸும் இல்ல. கல்யாணத்தோட முடிஞ்சுபோச்சு."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டும் அவளுக்குப் பயம்கூட வரவில்லை.

"சரிக்கா, ஊசியக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

"யாரு கேட்டா ஊசிய? மீதிய வாசி. அவனுக்கு என்ன ஆச்சு?"

அவள் காலித் தாளைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் வாசித்தாள்.

"சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. குடைக்காரன் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனான். போனவர் வரவில்லை. எங்கேயாவது ஒளிந்துகொண்டு அவளைப் பயமுறுத்துவது அவர் வழக்கம். இன்றைக்கு ஏமாறக் கூடாது என்று அவள் கீழேயே உட்கார்ந்திருந்தாள். மழை கொட்டியது. 'நல்லா நனைங்க, எனக்கென்ன' என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மழை விட்ட பிறகு மேலே போனாள். தலையணை உறையைக் கையில் பிடித்தபடி கிடந்தார். நெஞ்சுவலி என்றார் டாக்டர். கூப்பிட்டிருப்பார். மழையில் கேட்டிருக்காது."

அவன் அவராகிவிட்டதை யாரும் திருத்தவில்லை. ஊசிகள் நின்றிருந்தன. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசித்தவளுக்கு அழுகை வரவில்லை. அத்தியாயம் முடிந்ததல்லவா, கருத்துக்காகக் காத்திருந்தாள்.

கடைசியில் நீதிபதிதான் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"முடிவு எனக்குப் பிடிக்கலடி."

"எனக்குந்தான் பிடிக்கலக்கா" என்றாள் அவள். புத்தகத்தை மூடி நீதிபதியிடம் நீட்டினாள்.